முதுகைக் காட்டிப் பார்த்த பந்தயம்

ஐம்பது வயதைக் கடந்த ஓர் ஆண்பிள்ளை கொள்கை என்ற பெயரில் செய்யக்கூடிய அசட்டுக் காரியங்களில் முன்வரிசையில் வைக்கத்தக்க ஒன்றை நான் செய்திருக்கிறேன். இந்த ஆண்டின் முதல் எஃப் ஒன் கார்ப் பந்தயம் நடந்த ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், ஜொகூர் பாருவை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் என் அக்கா வீட்டுக் கூடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பந்தயம் முடிகிறவரை திரும்பவில்லை. அந்தக் கார்களுக்கு இந்த ஆண்டு முதல் வந்திருக்கும் புதிய தொழில்நுட்ப விதிகளுக்கு நான் தெரிவித்த கண்டனம் அது. விதிகளை எழுதியவர்கள் ஐரோப்பாவில் எங்கோ சூடேற்றிய அறையில் இருக்கிறார்கள். என் முதுகைப் பற்றிய தகவல் அவர்களுக்கு இன்றுவரை போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

நாற்காலியைத் திருப்பிப் போட்டதால் எனக்கு நேர் எதிரே, சோபாவில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே, மச்சானின் முகம் இருந்தது. இந்தக் குறிப்பு அந்த முகத்தைப் பற்றியது. விதிகளைப் பற்றியும்தான். அருவருப்பை அடக்கிக்கொண்டு எழுதும் பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை.

மச்சான் என்றால் அக்காவின் கணவர். பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இளவயதில் ஜொகூர் பாருவுக்கு வந்து, ஆயுள் முழுக்க ஃபேக்டரி பஸ் ஓட்டியவர். காலையில் பெர்மாஸ் ஜெயாவிலும் மாசாயிலும் ஆட்களை ஏற்றிப் பாசிர் கூடாங் தொழிற்சாலை வாசலில் இறக்குவார். மாலையில் அதே ஆட்களை அதே முகத்தோடு திருப்பி ஏற்றுவார். எவ்வளவு மிதித்தாலும் ஒரு வேகத்துக்கு மேல் போகாத பஸ். மீறி மிதித்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். நானோ காப்புறுதி நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளைப் படிக்கிறவன். வேகத்தின் விளைவுகளை வாரம் முழுவதும் புகைப்படத்தில் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். வேகத்துக்கும் எங்கள் இருவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் காலடியில் அப்படி விழுந்து கிடந்தோம் என்று நினைக்கிறேன். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் எனக்கும் அவருக்கும் பேசிக்கொள்ள எதுவுமே இருக்கவில்லை. "சாப்டியா மாப்ள?" "சாப்டேன் மச்சான்." இதோடு உறவு தீர்ந்து, இருவரும் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாள் தொலைக்காட்சியில், நான்கு சக்கரமும் வெளியே தெரிய, ஒற்றை ஆள் மட்டும் உட்காரக்கூடிய அந்தக் கார்கள் ஓடின. அன்று தொடங்கிய பேச்சு அக்கா எரிச்சலோடு தட்டை வைத்துவிட்டுப் போகும் அளவுக்கு வளர்ந்தது.

நம் நாட்டில் செப்பாங்கில் பந்தயம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒருமுறை இருவரும் நேரில் போனோம். மலிவான டிக்கெட். இருக்கை கிடையாது, புல்மேடுதான். உட்கார்ந்த இடத்தில் மழைத்தண்ணீர். கார் கண்ணில் படுவதற்கு முன் அதன் சத்தம் வந்து சேர்ந்தது. காதில் கேட்டது என்று சொன்னால் பொய். நெஞ்செலும்பில் யாரோ ரம்பம் வைத்து அறுத்தார்கள். பக்கத்திலிருந்த ஒரு சீனப் பெரியவர் தம் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டார். மச்சான் என் பக்கம் திரும்பி ஏதோ கத்தினார். வாய் அசைந்தது, வார்த்தை வரவில்லை. கண்ணில் நீர் நின்றது. ஊருக்குத் திரும்பும் வழியில், "அப்போ என்னமோ சொன்னீங்களே மச்சான், என்ன அது?" என்று கேட்டேன். "அலமாக், எனக்கே கேக்கல மாப்ள" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். அந்தச் சத்தம் பல ஆண்டுகளுக்கு முன்பே குறைந்துவிட்டது. செப்பாங்கிலும் இப்போது அந்தப் பந்தயம் இல்லை. ஆனாலும் எஃப் ஒன் என்றால் என் நெஞ்செலும்பு அந்தப் புல்மேட்டையே அளவுகோலாக வைத்துக்கொண்டிருக்கிறது.

இனி விதிகளுக்கு வருகிறேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு. புதிய காரின் சக்தியில் ஏறக்குறைய பாதி மின்கலத்திலிருந்து வருகிறது. மின்கலம் என்றால் தீரும். தீர்ந்தால் நிரப்ப வேண்டும், அதுவும் ஓடும்போதே. அதனால் உலகத்திலேயே தேர்ந்த ஓட்டுநர்கள், நேர்ப்பாதையில், கார் சீறிப் பாய வேண்டிய இடத்தில், மின்சாரத்தைச் சேமிக்க மிதியிலிருந்து காலை எடுக்கிறார்கள். கல்யாண வீட்டில் பிரியாணியைப் பரிமாறிவிட்டு, பாதியை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று காதில் சொல்வதைப் போன்றது இது. நேர்ப்பாதை வந்தால் முன்சிறகும் பின்சிறகும் படுத்துக்கொள்கின்றன, வளைவு வந்தால் எழுந்துகொள்கின்றன. எங்கள் பழைய வீட்டுக் கண்ணாடிப் பட்டை ஜன்னல் இதைவிடக் கௌரவமாகத் திறந்து மூடியது. முன்னால் போகிறவனை நெருங்கிவிட்டால் பின்னால் வருகிறவனுக்குக் கொஞ்சம் கூடுதல் மின்சாரம் அனுமதி. முந்துவது திறமையாக இருந்தது போய் சலுகையாகிவிட்டது. எரிபொருளும் பூமியைத் தோண்டி எடுத்ததல்ல, ஆய்வுக்கூடத்தில் சமைத்தது. காரைக் குறுக்கி எடையைக் குறைத்திருப்பதை மட்டும் என்னால் குறைசொல்ல முடியவில்லை. அதற்காக அவர்கள்மேல் எனக்குக் கூடுதல் எரிச்சல். இவ்வளவையும் செய்துவிட்டு, பூமியைக் காப்பாற்றுகிறோம் என்று முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு, அதே கார்களை விமானங்களில் ஏற்றிக் கண்டம் கண்டமாகச் சுற்றுகிறார்களே, அங்கேதான் எனக்கு வாயில் எச்சில் கசக்கிறது. நானும் மேடு ஏறும்போது ஏர்கானை அணைத்துவிட்டு ஓட்டுகிறவன்தான். ஆனால் அதைப் பார்க்க நான் யாருக்கும் டிக்கெட் விற்பதில்லை.

இந்த விதிகள் வரப்போகின்றன என்று செய்தி வந்த நாளில் மச்சானும் நானும் சேர்ந்துதான் காறித் துப்பினோம். அந்தக் கார் ஓடத் தொடங்கும் அன்றைக்கே பார்ப்பதை நிறுத்திவிடுவது என்று ஒப்பந்தம்கூடப் போட்டுக்கொண்டோம். பிறகு மச்சானின் சிறுநீரகங்கள் எங்களைக் கேட்காமலே வேலையை நிறுத்திவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். நாற்காலியில் சாய்ந்து, ஒரு கையில் குத்திய ஊசிகளோடு, அரை நாள் அசையாமல் இருக்க வேண்டும். மிச்சமிருக்கும் ஒரு கையால் ஃபோன் பார்க்கலாம். அவர் பார்த்ததெல்லாம் புதிய விதிகளை விளக்கும் வீடியோக்கள். சென்ற ஆண்டின் கடைசியில் டாக்டர் அக்காவைத் தனியே அழைத்து, இதயமும் தளர்ந்துவிட்டது, இனி மாதக் கணக்கில் யோசியுங்கள் என்றார். தனியே சொன்னது அன்று மாலையே மச்சானுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் ரகசியத்தின் ஆயுள் அவ்வளவுதான். அவர் அழவில்லை, கோயிலுக்கு நேர்ந்துகொள்ளவும் இல்லை. "மார்ச் மாசம் அந்தப் புதுக் காரு ஓடுறத பார்த்துட்டா போதும்லா" என்றார்.

எனக்கு அது பச்சைத் துரோகமாகப் பட்டது. வருத்தப்பட வேண்டிய இடத்தில் கோபப்படுவது எனக்கு எப்போதும் சுலபமாக வரும்.

"என்ன மச்சான், அந்தக் கண்றாவியவா பார்க்கப் போறீங்க? நம்ம ஒப்பந்தம் என்னாச்சு?"

"ஒப்பந்தம் போட்டப்போ எனக்குக் கிட்னி இருந்துச்சு மாப்ள."

"நேர் ரோட்டுல கால எடுக்குறானுங்க மச்சான். அதுக்குப் பேரு ரேஸா?"

"நான் என்ன செஞ்சேன் இத்தன வருஷமா? தூரத்துல லைட்டு மஞ்சளாவறப்பவே கால எடுத்துருவேன். பஸ்ஸு சொந்தமா உருண்டு போயி நிக்கும். நிக்குற ஆளு ஒருத்தன்கூட கம்பிய பிடிக்க வேண்டாம். சும்மா மிதிக்குறது யாரு வேணாலும் செய்யலாம்லா. எப்போ கால எடுக்கணும்னு தெரியணும்."

"நீங்க ஃபேக்டரிக்கு ஆள் ஏத்துனீங்க. இவனுங்க கப்புக்கு ஓட்டுறானுங்க."

"அதான் சொல்றேன். இவனுங்களுக்கு ஒரு வாரம் பாசிர் கூடாங் ரூட்ட குடுத்துப் பார்க்கணும்."

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "ரெண்டு பேரும் சத்தத்த குறைக்கிறீங்களா? பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் என்னமோ சண்டன்னு எட்டிப் பார்க்குறாங்க."

மச்சான் குரலைத் தாழ்த்தினார். கெஞ்சுகிற குரல் அல்ல. ஆனால் அவர் என்னிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல்முறை. "பார்க்காம எப்படி மாப்ள திட்டுறது? நீ வா. பக்கத்துல உக்காந்து திட்டு."

"வர்றேன். ஆனா பார்க்க மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு வர்ற?"

"உங்களுக்குத் துணைக்கு."

"துணைக்கு வர்றவன் கண்ண வீட்டுல வெச்சிட்டா வருவான்?"

அதன்பிறகு ஒவ்வொரு முறை டயாலிசிஸ் முடிந்து அவரைக் காரில் ஏற்றும்போதும், மார்ச் மாதம் இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே இருவரும் பேசாமல் கணக்குப் பார்த்தோம். பிப்ரவரியில் ஒருமுறை மூச்சு முட்டி மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் வார்டு வராந்தாவில் நின்று, எந்தக் காரை ஓடக்கூடாது என்று சபித்தேனோ அது சீக்கிரம் ஓடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கொள்கை அன்றைக்கு விடுமுறையில் இருந்தது. அவர் வீடு திரும்பியதும் அதுவும் வேலைக்குத் திரும்பிவிட்டது.

அந்த ஞாயிறு வந்தது. பந்தயம் ஆஸ்திரேலியாவில், நமக்கு நண்பகல். மச்சானுக்குக் கால் வீங்கியிருந்தது. தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாது என்பதால் ஒரு குவளையில் ஐஸ் கட்டிகள். அக்கா மாத்திரைகளைக் கொடுத்து, தலையணைகளைச் சரிசெய்துவிட்டு, நான் நாற்காலியைத் திருப்புவதைப் பார்த்தாள்.

"ஏன்டா, கழுத்து பிடிச்சுக்கிச்சா?"

"கண்டனம்க்கா."

"சரி. கண்டனத்துக்கு டீயா, மைலோவா?"

பந்தயம் தொடங்கியதும் மச்சான் எனக்காக வர்ணனை சொன்னார், குறும்பாக. "சிறகு படுத்துருச்சு மாப்ள. எந்திரிச்சிருச்சு. ஆ, ஒருத்தன் உள்ள பூந்துட்டான். திரும்பிடாத." நான் டீயைக் குடித்தேன். பிறகு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். பேசினால் ஏதாவது தவறிவிடும் என்று நினைக்கிறார் போலும் என்று விட்டுவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் எஞ்சின்களின் குரல், நேர்ப்பாதையின் முடிவுக்கு முன்பே, மின்சாரம் குறைந்த மிக்சியைப் போல இறங்கி முனகியது. கேட்கக் கேட்கக் குமட்டியது. ஆனால் எதிரே இருந்த முகத்தில் அந்தக் குமட்டலின் சாயல் துளியும் இல்லை. திரையின் வெளிச்சம் கன்னத்தில் பச்சையாகவும் சிவப்பாகவும் ஓடியது. கண்கள் பாதி இமைக்குக் கீழே அசையாமல் நின்றன. வாய் லேசாகத் திறந்திருந்தது. வர்ணனையாளர்கள் எதற்கோ அலறியபோது புருவம் ஒருமுறை துடித்தது, அவ்வளவுதான். குவளையில் ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. அவர் அதைத் தொடவில்லை. செப்பாங் புல்மேட்டில்கூட அந்த முகத்தில் நான் பார்த்திராத ஒரு நிம்மதி. நான் படித்த புத்தகங்களில் ஞானிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள், நான் நம்பியதில்லை. இந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்று, அது கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி அவரோடு சேர்ந்து பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் இவ்வளவு நேரம் காட்டிய முதுகுக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா?

பந்தயம் முடிந்து கைத்தட்டல் கேட்டபோது அக்கா வந்து அவர் தோளைத் தொட்டாள். மச்சான் நிமிர்ந்தார். "நல்லா இருந்துச்சு மாப்ள" என்றார்.

"யாரு மச்சான் ஜெயிச்சா?"

"அத நான் ஏன் சொல்லணும்? நீதானே பார்க்க மாட்டேன்னு உக்காந்த?" சிரித்தார். பிறகு இருமினார்.

அந்த மாதம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் படையலில் அவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருந்தது. மருத்துவர்கள் தடுத்துவைத்திருந்த கருவாடும், ஒரு செம்பு நிறையத் தண்ணீரும். உறவினர்கள் போனபிறகு அக்கா பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பல நாளாக மனதுக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்ததை அவளிடம் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு ரேஸ நான் டிவில பார்க்கல. மச்சான் மூஞ்சியில பார்த்தேன். ஒரு மனுஷன் கடைசியா ஆசப்பட்டது கெடச்சா எப்படி இருக்கும்னு முழுசா பார்த்தேன். அந்த மூஞ்சிக்காக அந்தக் கேடுகெட்ட விதிங்கள நான் மன்னிச்சிட்டேன்க்கா." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அது ஒத்திகையில் இல்லாதது.

அக்கா குழாயை மூடவில்லை. "மொத கொஞ்ச ரவுண்டுதான்டா பார்த்தாரு. அப்புறம் தூங்கிட்டாரு. அந்த மாத்திர போட்டா கண்ணு பாதி திறந்தபடியே தூங்குவாரு மனுஷன். அவ்ளோ நேரம் நேர் எதிர்ல உக்காந்திருந்தியே, குறட்டகூடவா கேக்கல உனக்கு?"