பாஸ்வேர்டு நோட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். அலுவலகத்தில் இருந்த மூன்று கம்ப்யூட்டர்களில் ஒன்றில் மட்டும் இன்டர்நெட். மதியச் சாப்பாட்டு நேரத்தில் துபாயில் இருந்த அக்காவுக்கு அதிலிருந்து மெயில் அனுப்பிக்கொள்ள முதலாளியே அனுமதி தந்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை மூன்றிலும் வைரஸ் புகுந்துவிட்டது. இரண்டு நாள் வேலை முடங்கியது. மூன்றாம் நாள் மேனேஜர், வைரஸ் மெயில் வழியாகத்தான் வந்தது என்று சொல்லி ஒரு நோட்டை விரித்து வைத்தார். எல்லோரும் மெயில் பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டும். வருகிற, போகிற மெயில்களையெல்லாம் பிரின்ட் எடுத்து ஃபைலில் போடுவார்களாம்.

"எதுக்குங்க சார்?"

"பாதுகாப்புக்குத்தானுங்க அம்மணி."

மற்றவருக்குத் தெரியக் கூடாது என்பதற்குத்தானே பாஸ்வேர்டு என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். நானும் எழுதித் தொலைத்தேன்.

அடுத்த வாரம் அக்கவுன்ட்ஸ் பிரிவுப் பெரியவர் என் மேசைக்கு வந்தார். "ஏனுங்க அம்மணி, கர்ப்பப்பையில கட்டின்னா பயந்துக்காதீங்க. எங்க கொழுந்தியாளுக்கும் இருந்துச்சுங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மாமியாரிடம்கூடச் சொல்லாத விஷயம். அக்காவுக்கு மட்டும் எழுதியிருந்தேன், அதுவும் நோட்டு வருவதற்கு முன்பே. பழைய மெயில்களையும் பிரின்ட் எடுத்திருக்கிறார்கள்; ஃபைலும் ஆபீஸ் முழுக்கக் கைமாறியிருக்கிறது. மாலைக்குள் ஸ்டோர்ஸ்காரர் ஈரோட்டில் ஒரு நாட்டு வைத்தியரைச் சிபாரிசு செய்தார். எல்லாம் அத்தனை மரியாதையாக. யாராவது திட்டியிருந்தால் திருப்பித் திட்டியாவது இருப்பேன்.

நேராக மேனேஜரிடம் போனேன். "வைரசுக்கும் என் வயித்துக்கும் என்னங்க சார் சம்பந்தம்?"

"மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீன்னா எதுக்குங்க இத்தன கோபம்?"

"அப்ப உங்க மெயிலையும் ஃபைல்ல போடுங்க."

"நான் மேனேஜருங்க அம்மணி."

ஆர்.எஸ்.புரத்திலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்து ஒவ்வொரு ஃபிளாப்பியாகச் சோதித்தார். வைரஸ் இருந்தது மேனேஜரின் ஃபிளாப்பியில். மகளுக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்க யாரிடமோ வாங்கி வந்த புரோகிராமாம். எவருடைய கடிதத்திலும் ஒன்றும் இல்லை.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நோட்டு வேண்டாமுங்க, கிழிச்சுப்போடச் சொல்றேன். ஆனா ஃபைல் இருக்கட்டும். என்ன போகுது வருதுன்னு கம்பெனிக்குத் தெரியோணுமல்லங்க?"

"சொந்தக் கடிதமாச்சும் விட்டுப்போடச் சொல்லுங்க சார்."

"சரிங்க, விட்டுப்போடலாம்."

எது சொந்தக் கடிதம் என்று யார் முடிவு செய்வது? கேட்டேன். "மேனேஜர் படிச்சுப் பாத்துச் சொல்லுவாருங்க."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மேனேஜர் அறைக்குப் போய், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபைலைப் பிரித்து என் நான்கு தாள்களையும் உருவிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. அன்று முதல் அக்காவுக்குத் தபாலில்தான் எழுதினேன். பதில் வர மூன்று வாரம் ஆனாலும் உறை ஒட்டியபடியே வந்தது.

மறுமாதம் ஆபரேஷனுக்காக லீவு கேட்டேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன்.

"என்ன வேலைன்னு போடலீங்களே?" என்றார் மேனேஜர், எல்லாம் தெரிந்துகொண்டே.

"எழுதியிருக்கறது போதுமுங்க சார்."

அந்த இரண்டு வார்த்தையை இன்னொரு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.