பெர்த்துக்குப் போக முடியாத கிழங்கு

அவரும் நானும் ஒரே கப்பல் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மேசையில் பல வருடங்கள் வேலை பார்த்தோம். அவர் கணவரை இழந்தவர். நான் கல்யாணமே செய்துகொள்ளாதவன். வெள்ளிக்கிழமை மத்தியானம் தேக்கா கடைத்தெருவுக்கு நடந்துபோய் வாழை இலையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அதற்கு மேல் நான் எதுவும் சொன்னதில்லை.

ஓய்வு பெற்றதும் அவர் பெர்த்தில் இருக்கும் மகளிடமே போய்விட முடிவுசெய்தார். புக்கிட் மேரா வீட்டைக் காலி செய்யும்போது ஒரு மண்தொட்டியை என்னிடம் நீட்டினார்.

"அங்க மண்ணோட எதையும் கொண்டுபோக விடமாட்டாங்கள். நீங்க வெச்சிருங்கோ."

அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். பிறந்தது முதல் இங்கேயே இருந்தும் அந்தப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை.

"என்ன செடிங்க இது?"

"தெரியாது. லில்லி எண்டுதான் தந்தவை. என்னட்ட ஒரு நாளும் பூக்கேல்லை."

ஈசூனில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து வாசல் காரிடாரில் வைத்தேன். நீளக் காம்பில் அகலமான கரும்பச்சை இலைகள். மண்ணைக் கிளறினால் சின்ன வெங்காயம்போலக் கிழங்கு. படம் எடுத்து அனுப்பினேன். அன்று மாலையே அவர் அழைத்தார். பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அழைப்பு வந்தது. புது இலை விட்டால் அதைப் பற்றி, ஓர் இலை பழுத்தால் அதைப் பற்றிப் பேசினோம்.

பெயரைக் கண்டுபிடிக்கவும் அலைந்தேன். வார இறுதியில் செடி விற்கும் ஒரு சீனப் பெண்மணியிடம் இலைப் படத்தைக் காட்டினேன். அமரில்லிஸ் என்ற பூச்செடிக் குடும்பத்தில் இதே மாதிரி இலையோடு இரண்டு மூன்று இருக்கின்றன என்றார். "இலைய பாத்து சொல்ல முடியாது லா. பூ வரட்டும்," என்பதுதான் அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம். பெரிய தொட்டிக்கு மாற்றாதே, கிழங்குகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கட்டும், கொஞ்ச நாள் தண்ணீரைக் குறை, அப்போதுதான் பூக்கும் என்றும் சொன்னார்.

தண்ணீரைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. பூத்துவிட்டால் பெயர் தெரிந்துவிடும். தெரிந்தபின் எதைச் சாக்காக வைத்து அவரோடு பேசுவது? அப்படி யோசித்துக்கொண்டே பல மாதங்கள் ஈர மண்ணிலேயே வைத்திருந்தேன்.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் படுத்தபோது செடியை யாரும் பார்க்கவில்லை. ஊன்றுகோலோடு வீடு திரும்பியபோது மண் வெடித்துக் கிடந்தது. பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். சில வாரங்களில் இலைகளுக்கு நடுவே ஒரு தண்டு எழுந்தது. அதன் நுனியில் வெள்ளைப் பூக்கள், தலையைக் கவிழ்த்தபடி. ஒவ்வொன்றின் நடுவிலும் இளம்பச்சை ஓடிய ஒரு சின்னக் கிண்ணம். லேசான வாசம்.

செடிக்காரப் பெண்மணிக்குப் படத்தை அனுப்பினேன். உடனே பதில் வந்தது: கவிழ்ந்த பூ, நடுவில் கிண்ணம், சந்தேகமே இல்லை, அமேசான் லில்லி.

அதை இரண்டு நாள் எனக்குள்ளேயே வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பூவைக் காட்டிப் பெயரையும் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரைக்கு அருகே குனிந்து பார்த்தார்.

"வடிவா இருக்கு," என்றார். "பேரும் தெரிஞ்சிட்டுது. இனி என்னத்தைக் கேப்பீங்கள்?"

அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"எப்ப வருவீங்கன்னு கேப்பேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே பேரக்குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"இவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கட்டும். பிறகு பாப்பம்," என்றார்.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பூக்கள் ஒவ்வொன்றாக வாடி விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மட்டும் நிற்கவில்லை. இப்போது செடியைப் பற்றிப் பேசுவதில்லை. அன்று என்ன சமைத்தோம், முழங்கால் எப்படி இருக்கிறது, அங்கே குளிர் தொடங்கிவிட்டதா என்று பேசுகிறோம்.

பெர்த்துக்கும் இங்கேயும் கடிகாரத்தில் ஒரே நேரம்தான். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவரும் இப்போது உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒரே நேரத்தில் சாப்பிடுகிறோம், அவர் அங்கே, நான் இங்கே.