பதினொரு வாளிகள்

பள்ளிக்கூடத்துக் காவலாளிக்கு இருபது வருடமாக மழை என்றாலே ஒரே வேலைதான். வானம் கறுத்ததும் ஏணியைச் சாய்த்து ஏறுவார். கூடத்தின் தகரக் கூரைக்கும் கீழே அடித்திருந்த பலகைக்கும் நடுவே புகுந்து, ஒழுகும் இடங்களில் பதினொரு வாளிகளை வைப்பார். நிரம்ப நிரம்ப இறக்கிக் கொட்டுவார். கீழே ஒரு சொட்டு விழுந்ததில்லை.

அதுவே வினையாகப் போயிற்று. கல்வி அலுவலகம் புதுப் பள்ளி கட்டப்போவதாக அறிவித்ததும் ஊர் இரண்டுபட்டது. பெற்றோர் சங்கத்துக்கு நெடுநாள் தலைவரான மருந்துக்கடைக்காரர் முதல் கூட்டத்தில் கூரையைக் காட்டினார். "கட்டடம் கல்லு மாதிரி நிக்குது. ஒரு சொட்டு ஒழுகுதா? இதை இடிக்க எவனுக்கு மனசு வரும்?"

பாதிக் கூட்டம் கை தட்டியது. பின்னால் நின்ற காவலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் மனைவி கேட்டாள்: "நீங்க எழுந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்."

இரண்டாம் கூட்டத்தன்று காலையிலிருந்தே அடைமழை. அவர் ஏணியைத் தொடவில்லை. வாளிகளைக் கழுவி, கூடத்து வாசலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்.

தலைவர் பேச எழுந்தார். முதல் சொட்டு அவருடைய வழுக்கைத் தலையில் விழுந்தது, அடுத்தது கையிலிருந்த தாளில். கொஞ்ச நேரத்தில் கூட்டமே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நனையாத இடம் தேடி அலைந்தது.

"என்னய்யா இது? ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று தலைவர் எகிறினார்.

"பதினோரு தடவை எழுதிக் குடுத்தேன் சார்," என்று காவலாளி வாசலைக் காட்டினார். "ஒவ்வொரு தடவையும் நீங்கதான் ஒரு வாளி வாங்கிக் குடுத்தீங்க."