கண் திறக்காத குதிரை

எங்கள் ஊர்க் காட்டுக்குள் செருப்புப் போடக் கூடாது. கத்தி எடுக்கக் கூடாது. உள்ளே உதிர்ந்து கிடக்கும் சுள்ளியைக்கூட வெளியே கொண்டுவரக் கூடாது. ஒத்தக்கடையைத் தாண்டி உள்ளே போனால் வயல், அடுத்துக் கண்மாய், அதற்கப்பால் அய்யனாரின் காடு. காடு என்றதும் பெரிய வனம் என்று நினைத்துவிட வேண்டாம். வயல்வெளிக்கு நடுவே, யாரும் வெட்டாத ஒரே காரணத்தால் மிஞ்சி நிற்பது அது. உசிலையும் வெப்பாலையும் சூரை முள்ளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். அதற்குள் கோயிலுக்குப் போக ஒரே ஒரு பாதை. சுமை தூக்கிப் போனவர்களின் கால் பட்டுப் பட்டு, பாறை நடுவில் குழிந்து வழவழவென்று இருக்கும். எத்தனை தலைமுறைக் கால்கள் என்று சொல்ல ஆள் இல்லை.

போன தை மாதம் ஒரு விடியலில் நானும் அப்பாவும் அந்தப் பாதையில் ஒரு மண்குதிரையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். எனக்கு அரசு வேலை கிடைத்தால் தருவதாக அம்மா வேண்டிக்கொண்ட குதிரை. வேலை கிடைக்கவில்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு இன்றைக்கும் பெருவிரல்தான் கையெழுத்து. நான் எழுதிய தேர்வு இரண்டு கட்டமாக நடப்பது. முதல் கட்டத்தின் முடிவு வந்த அன்று, டவுனில் காளவாசல் பகுதிக் கோச்சிங் சென்டர் வாசலில் நின்று பஸ் சத்தத்துக்கு மேலே போனில் கத்தினேன்: "அப்பா, பாஸாயிட்டேன்!" இன்னொரு பரீட்சை பாக்கி இருக்கிறது என்று அடுத்து நான் சொன்னபோது அவர் பக்கத்து வயல்காரரிடம் சேதி சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது உட்காரவைத்து விளக்கினேன். "அதையும் எழுதிரு. இத எழுதுனவனுக்கு அது என்ன மலையா?" என்றார்.

அதையும் எழுதினேன். நன்றாக எழுதியதாகவே நினைத்தேன். அந்த நினைப்பில்தான், அறுப்பு முடிந்ததும் குதிரை எடுத்துவிடலாம் என்று அம்மா பூசாரியிடம் சொல்லி வந்தபோது, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். மாமா, அம்மாவின் தம்பி, அதற்குள் ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் பேனரே வைத்துவிட்டார். என் பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஸ்டுடியோக்காரன் கோட்டு மாட்டிவிட்டிருந்தான். பஸ்ஸில் அந்த இடம் வரும்போதெல்லாம் மறுபக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன்.

இரண்டாவது தேர்வின் முடிவு, குதிரை எடுக்கும் நாளுக்கு முந்தைய நாள் சாயந்தரம் வந்தது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால்தான் எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று போனைப் பார்த்தேன். என் எண் இல்லை. மேலும் கீழும் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். இல்லை.

சொல்லிவிடத்தான் முன்னால் வந்தேன். அப்பா முகம் மழித்து, குளித்து, குதிரை தூக்கும் கம்புகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார். அதுவரை அவர் பாடி நான் கேட்டதில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்துவிட்டேன். காலையில் கண் விழித்தபோது வாசலில் சொந்தக்காரர்கள் நின்றார்கள். என் கழுத்தில் மாலை விழுந்தது.

குதிரையைச் செய்தவரே பூசாரி. இடுப்பளவு உயரம், சுண்ணாம்பு வெள்ளை, கழுத்தில் சிவப்பு மணிகள். கண் மட்டும் வரையவில்லை. அதைக் கோயில் வாசலில் வைத்துத்தான் வரைவார். கண் திறப்பது என்பார்கள். அதுவரைக்கும் அது வெறும் மண். திறந்துவிட்டால், கேட்டது கிடைத்தது என்று அய்யனாரிடம் ஒப்புக்கொண்டதாகும். ஆகவே கோயில் போய்ச் சேர்வதற்குள் நான் சொல்லியாக வேண்டும்.

இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவே பலகை, பலகையில் குதிரை. முன்னால் அப்பா, பின்னால் நான், இருவர் தோளிலும் கம்பு. வேண்டுதல் யாருக்காகவோ அவனும் அவன் தகப்பனும் தூக்குவதுதான் முறை. தூக்கியபின், பாதி வழியில் இருக்கும் சுமைதாங்கிக் கல்லைத் தவிர வேறெங்கும் இறக்கக் கூடாது. எனக்குக் குதிரையின் வாலும், அதற்கு அப்பால் அப்பாவின் பின்மண்டையும் மட்டும் தெரிந்தன.

கண்மாய்க் கரையில் பனி இறங்கியிருந்தது. புல்லில் கால் வைத்தால் ஈரம் கணுக்கால் வரை ஏறியது. காட்டுக்குள் நுழைந்ததும் பாறை. பாறையின் குளிர் உள்ளங்கால் வழியாக எலும்பில் ஏறியது. ஷூவுக்குள்ளேயே கிடந்து என் பாதம் மெத்தென்று ஆகியிருந்தது. ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகக் குத்தியது. பாதையோரம் பழைய குதிரைகளின் உடைந்த கால்களும் காதுகளும் மண்ணோடு மண்ணாகப் புதைந்து கிடந்தன.

மஃப்ளர் கட்டிக்கொண்டு மாமா முன்னால் வெகுதூரம் போய்விட்டார். அம்மாவும் அத்தையும் பூசாரியும் மற்றவர்களும் பின்னால் பேசிக்கொண்டே வந்தார்கள்.

"அப்பா."

"என்னடா, தோள் கடுக்குதா?"

"இல்ல."

"அப்ப நட."

ஒரு வெப்பாலைக் கிளை பாதையை மறித்துத் தாழ்ந்திருந்தது. வெட்ட முடியாது. குதிரையோடு குனிந்து, முழங்காலை மடக்கி, வாத்து மாதிரி நகர்ந்து கடந்தோம். நிமிர்ந்ததும் அப்பாவுக்கு மூச்சிரைத்தது. ஆனால் குரலில் சந்தோஷம்.

"ஏன்டா, ஆபீஸ்ல சுத்துற நாற்காலி குடுப்பாகளாமே?"

கம்பைத் தோளில் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

"மாமன் சொன்னான். ஜீப்புகூட வருமாம். ஜீப்பு வந்தா நம்ம தெருவுக்குள்ள திரும்பாதுடா, கண்மாய்க் கரையிலதான் நிறுத்தணும்."

"அப்பா, ரிசல்ட் வந்துருச்சு. நான் அதுல இல்ல."

அவர் நிற்கவில்லை. நிற்கவும் முடியாது. கம்பு ஒரு முறை என் தோளில் அழுந்தி எழுந்தது. பனிக்குள் அவருடைய மூச்சு மட்டும் புகையாக இரண்டு பக்கமும் போனது. அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததற்கு அந்த நிமிஷம் நான் நன்றியோடு இருந்தேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

பாதை ஒரு வளைவு திரும்பியதும், "எப்ப வந்துச்சு?" என்றார்.

"நேத்து சாயந்தரம்."

"நேத்தே சொல்லித் தொலைச்சிருந்தா ஆளுகளக் கூப்பிட்டிருக்க மாட்டேன்ல? இது பூசாரி வீட்டுலயே நின்னுருக்கும்ல?"

"பயமா இருந்துச்சுப்பா."

"இப்ப மட்டும் பயம் போயிருச்சாக்கும்." கொஞ்ச தூரம் நடந்தார். "எறக்க முடியாது. காலப் பாத்து வையி."

சுமைதாங்கிக் கல்லில் குதிரையை இறக்கினோம். எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். மாமா பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினார். நான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"இந்தாங்கப்பா, ஒரு விசயம். பயலுக்கு வேலை இன்னும் ஆகல. ரெண்டாவது பரிச்சைல போயிருச்சாம். அவன் மொதல்லயே சொன்னான், இன்னொண்ணு இருக்குன்னு. எனக்குத்தான் மண்டையில ஏறல. பாஸுன்னு சொன்னதும் ஊரு பூரா கத்திப்புட்டேன். இந்தக் காலையிலதான் திரும்ப எடுத்துச் சொல்றான், அப்பறந்தான் வெளங்குது."

மாமா டீ டம்ளரோடு அப்படியே நின்றார்.

"ஏன் மச்சான், எத்தனை பரிச்சைன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா? கைநாட்டுன்னு தெரியும், இம்புட்டுக் கைநாட்டுன்னு தெரியாமப் போச்சே! நான் பேனர்ல கோட்டு வேற மாட்டிவிட்டிருக்கேன்யா!"

"கோட்டக் கழட்டச் சொல்லு மாப்ள. பேனர் இருந்துட்டுப் போகுது," என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "மாட்டுப் பல்ல எண்ணி வயசு சொல்லத் தெரியும், பரிச்சைய எண்ணத் தெரியாதாக்கும்" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, அதற்கும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று நான் கொட்டகைக்குப் பின்னால் நின்றதை அவள் பார்த்திருக்க வேண்டும்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "மாமா, அப்பா மேல தப்பில்ல," என்றேன். குரல் எனக்கே சின்னப் பையனுடையது மாதிரிக் கேட்டது. "எனக்கு நேத்தே தெரியும். நாந்தான் மறைச்சேன். அப்பாவுக்கே இப்பத்தான் தெரியும்."

அத்தை, அப்பாவின் அக்கா, நெஞ்சில் கை வைத்தாள்.

"அடி ஆத்தி, பாத்தியா! அப்பன விட்டுக்குடுக்குறானா பாரு. பழிய அவன் தலையில போட்டுக்குறான். படிச்ச புள்ளைன்னா இதான்டி!"

"இல்லத்த, நெசமாத்தான் சொல்றேன்..."

"தெரியும்டா ராசா, தெரியும்."

மாமா என் தோளில் தட்டினார். "போதும் மருமகனே. பழியெல்லாம் நீ தூக்க வேணாம். குதிரையத் தூக்கு."

இதற்கும் சிரிப்பு. நான் மறுபடியும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் நல்ல பெயர்தான் வந்தது. அப்பா என்னைப் பார்க்காமல் கம்புக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

பூசாரி மட்டும் சிரிக்காமல் அம்மாவிடம் கேட்டார். "நீ என்ன ஆத்தா வேண்டுன?"

"வேலைன்னுதான் வேண்டுனேன்."

"அப்பக் கண்ணத் தொறக்க முடியாது. கெடைக்காதத கெடைச்சதுன்னு சொன்ன மாதிரி ஆயிரும்."

"அப்ப திருப்பித் தூக்கிட்டுப் போறதா?" என்றார் மாமா.

"காட்டுக்குள்ள வந்தத வெளிய கொண்டுபோகக் கூடாதுல்ல? நிக்கட்டும். வேலை கெடைக்கிற அன்னைக்கு வாங்க, தொறந்துவிடுறேன்."

"நிக்கட்டும், நிக்கட்டும். சோத்துக்கு நேரமாச்சு, நடங்க," என்றாள் அம்மா.

மிச்ச வழிக்கு அப்பா என்னை முன்னால் போகச் சொன்னார். இப்போது அவர் என்னைப் பார்க்கலாம், நான் அவரைப் பார்க்க முடியாது. பிடரியில் அவர் பார்வை படுகிறதா இல்லையா என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை. வெயில் இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாக விழ ஆரம்பித்திருந்தது. மரத்திலிருந்து பனி சொட்டியது.

"ஏன்ப்பா அப்பிடிச் சொன்னீக?"

"எப்பிடி?"

"நீங்க வெளங்காமக் கத்துனதா."

"பின்ன, பய மறைச்சுட்டான்னு சொல்லச் சொல்றியா? மாலையும் போட்டுக்கிட்டு நின்னான்னு சொல்லச் சொல்றியா? அப்பறம் எவன்டா இந்த ஊர்ல புள்ளைய காலேஜுக்கு அனுப்புவான்?" மூச்சு வாங்கினார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறது ஊருக்கே தெரியும். அதுல புதுசாக் கெட்டுப்போக என்ன இருக்கு? வாய மூடிக்கிட்டு நட."

மூடிக்கொண்டுதான் நடந்தேன். பெயிலானதற்கு எனக்கு அவ்வளவு வெட்கம் இல்லை, ஆயிரக்கணக்கானவர்கள் பெயிலாகிறார்கள். நான் புத்தகத்தைத் தொட்ட நாளிலிருந்து, தனக்குப் படிப்பு இல்லை என்பதை எவர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லாதவர் அப்பா. பேங்கில் விரல் வைக்கும்போதுகூட மையைச் சட்டென்று வேட்டிக்குள் துடைத்துக்கொள்வார். அதை அவர் காட்டுக்கு நடுவே, சொந்தக்காரர்கள் முன்னால், எனக்காக எடுத்து விரித்துக் காட்டிவிட்டார். நான் அந்த நிழலில் நின்றேன். வெளியே வரப் பார்த்தேன், யாரும் விடவில்லை. உண்மையில், அதற்குமேல் நான் சொல்லிப் பார்க்கவில்லை என்பதும் இருக்கிறது.

கோயிலில் பழைய குதிரைகளின் வரிசையில் கடைசியாக எங்களுடையதை நிறுத்தினோம். மற்றவை எல்லாம் மழையில் கரைந்து மூக்குப் போய்க் காது போய் நின்றாலும் கண் இருந்தது. எங்களுடையது புதுசாக, முழுசாக, கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் சுண்ணாம்பாக இருந்தது. பூசாரி அதற்கும் ஒரு மாலை போட்டார்.

அங்கே சமைத்ததை அங்கேயே தின்று தீர்க்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இலை போட்டு எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தோம். அப்பா எனக்குப் பக்கத்தில். எதிர் வரிசையிலிருந்து மாமா, "மச்சான், பரிச்சை எத்தனை?" என்று கத்துவார். அப்பா சோற்றுக் கையில் இரண்டு விரலை விரித்துக் காட்டுவார். ஒவ்வொரு தடவையும் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கும். அத்தை கறிச்சட்டியோடு என்னிடம் வந்து குனிந்தாள்.

"அப்பனுக்காகப் பேசுன வாயி, நல்லாத் தின்னட்டும்," என்று அள்ளி வைத்தாள்.

போதும் என்று இலையை மறைக்கக் கை போனது. ஆனால் விடியலிலிருந்து வெறும் வயிற்றோடு சுமந்திருந்தேன், பசித்தது. கையை எடுத்துக்கொண்டேன். இன்னொரு கரண்டி விழுந்தது. தலை நிமிராமல் சாப்பிட்டேன்.