ஸ்டெல்லாவுக்கு வைத்த வாய்மொழித் தேர்வு

பேசிப் பிழைக்கிற தொழில் வாத்தியார் தொழில். அதில் போய், வாய் திறக்காத ஒரு மொழியைப் பாடமாக எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள். சைகை மொழியியல் என்றால் "டான்ஸ் டிபார்ட்மென்ட்டா மேடம்?" என்று கேட்பார்கள். வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் காலம் தள்ளும் சக வாத்தியார்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

காலியிடம்

ஸ்டெல்லா நீலசந்திராக்காரர். பிறவியிலேயே காது கேட்காது. மொழியியலில் ஆராய்ச்சிப் பட்டம் வரை முடித்தவர். வகுப்பில் அவர் கையால் பாடம் நடத்துவார். நான் பக்கத்தில் நின்று, காது கேட்கும் மாணவர்களுக்காக அதை வாயால் சொல்வேன். பாடம் அவருடையது, பதவி மட்டும் 'உதவியாளர்'. ஒருவழியாக நிரந்தர விரிவுரையாளர் இடம் ஒன்று வந்தது. ஸ்டெல்லா விண்ணப்பிக்கிறார் என்று துறைத் தலைவரிடம் சொன்னேன்.

"பண்ணட்டும் மேடம், பண்ணட்டும். ஆனா கிளாஸ்ல யாரு பேசுவாங்க?"

முகம் தெரியக் கூடாது

அந்த இடத்துக்கு அச்சான கட்டுரை ஒன்று வேண்டும். ஸ்டெல்லா ஸ்ரீராம்புரம் சந்துகளில் அலைந்து, காது கேளாத பெரியவர்கள் பேசிக்கொள்வதை வீடியோ எடுத்திருந்தார். ஆராய்ச்சி நெறிமுறைக் குழு, அடையாளம் தெரியாதபடி முகங்களை மங்கலாக்கச் சொன்னது. சைகையில் பாதிப் பேச்சு முகத்தில்தான் இருக்கிறது, அவர்களே சம்மதம் கொடுத்திருக்கிறார்கள் என்று மன்றாடினேன். எரிச்சலில் குரலும் உயர்ந்துவிட்டது. ஒரு பேராசிரியர் என்மேல் இரக்கப்பட்டு வழி சொன்னார்.

"முகம்தானே பிராப்ளம்? வீடியோவை விட்டுடுங்க, ஆடியோ மட்டும் வெச்சுக்குங்க."

நேர்காணல்

கட்டுரை எப்படியோ அச்சேறியது. நேர்காணலுக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்டு எழுதினோம், பதிலில்லை. நான் வருகிறேன் என்றேன். நீங்கள் கூட வேலை செய்பவர், பாரபட்சம் வரும் என்று என்னை வெளியே உட்கார வைத்தார்கள்.

கண்ணாடிக் கதவு வழியே எல்லாம் தெரிந்தது. எழுதிக் காட்டட்டுமா என்று ஸ்டெல்லா பேனாவை எடுத்தார்; நேரமில்லை என்று கடிகாரத்தைக் காட்டினார்கள். அவர் தன் ஆராய்ச்சி முழுவதையும் கையாலேயே விளக்கினார். அப்படி ஒரு பாடத்தை நான் பார்த்ததில்லை. உள்ளே எல்லோரும் சிரித்த முகமாகத் தலையாட்டினார்கள். வெளியே வந்த தேர்வாளர் என்னிடம் மனமாரச் சொன்னார்.

"சூப்பரா பண்ணாங்க மேடம். எங்களுக்குத்தான் ஒண்ணும் புரியல."

பெயர்

வேலை, சைகையில் சில வாரப் பயிற்சி முடித்த, காது கேட்கும் ஓர் இளைஞருக்குப் போனது. நல்ல பையன், அதுதான் கொடுமை. சைகை மொழியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர்ச் சைகை உண்டு. அதைக் காது கேளாதவர்தான் வைக்க வேண்டும். தனக்கும் ஒன்று வேண்டுமென்று அந்த இளைஞர் ஸ்டெல்லாவிடம் கேட்டார். ஸ்டெல்லா கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் கன்னத்தில் விரலை வைத்துத் திருகினார்: கன்னக்குழிக்காரன். அன்று சாயங்காலமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கிடங்கில் பார்சல் கட்டுகிறார்.

மறுநாள் வகுப்பில் புதியவர் தன் பெயரைப் பெருமையாகக் கையில் காட்டினார். முன் பெஞ்சில் காது கேளாத ஒரு ஜீவனஹள்ளிப் பெண். அவர்கள் வழக்கப்படி, யார் வைத்த பெயர் என்று கேட்டாள். அவரும் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பிக் கையை அசைத்தாள்.

"பேர் வெச்சவங்க எங்கே?"

இரண்டு மொழி தெரிந்தவள் என்றுதான் எனக்குச் சம்பளம். அவள் கேட்டதை அப்படியே வாயால் வகுப்புக்குச் சொன்னேன்.