சாம்பலில் புரட்டிய பலாக்கொட்டைகள்

கடலையும் சோளமும் போட்டுப் பழகிய கை என்னுடையது. மரம் மட்டும் வைத்ததில்லை. சேந்தமங்கலத்துப் பக்கம் எங்கள் காட்டில் நின்ற வேம்பும் புளியும் எனக்கு மூத்தவை. யாரோ வைத்தார்கள், நான் நிழலில் படுத்தேன், அவ்வளவுதான்.

தொண்ணூற்றெட்டில் நானும் என் வீட்டுக்காரியும் மலையேறினோம். பிள்ளைகுட்டி கிடையாது. மலைமேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சின்ன வீட்டையும் கொஞ்சம் நிலத்தையும் குத்தகைக்குப் பிடித்து மரவள்ளி போட்டோம். வைகாசியில் ஒருநாள் அவள் பலாப்பழம் ஒன்றை அறுத்து வைத்துக்கொண்டு சாவகாசமாகத் தின்றாள்.

"ஏனுங்க, இதுல ஒண்ணை ஊட்டுக்குப் பொறத்தால நட்டு வுடுங்க."

"குத்தகை ஊட்டுல மரம் வெச்சு ஆருக்கு?"

"ஆரோ திங்கட்டும். நீங்க நடுங்க."

கொட்டைகளை முறத்தில் போட்டு அடுப்படியில் வைத்தாள். அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு வந்தவளை வேனில் படுக்கவைத்து ஊருக்குக் கொண்டுபோனோம். எல்லாரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. வந்தவர்களுக்கு டீ வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 'கல்லு மனசுக்காரன்' என்று என் காதுபடவே சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன்.

கருமாதி முடிந்ததும், மரவள்ளிக்குக் களை எடுக்கவேண்டும் என்று சொல்லி மலைக்குத் திரும்பினேன். அடுப்படியில் முறம் அப்படியே இருந்தது. அவள் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். அதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றே ஒன்று. கொட்டைகளைக் கழுவி வெயிலில் காயவைத்தேன். கலகலவென்று சத்தம் வரும்வரை காயவைத்து, சாம்பலில் புரட்டி, பானையில் போட்டுத் துணியால் வாய் கட்டினேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே, ஆடி வரட்டும் என்று காத்திருந்தேன். சோறு பொங்க மறந்த நாளில்கூட பானையை அவிழ்த்து அந்தக் கொட்டைகளைக் கிளறிவிட மறக்கவில்லை.

ஆடி பிறந்ததும் பழைய உரச்சாக்கைக் கிழித்துப் பைகளாகத் தைத்து, மண்ணும் எருவும் நிரப்பி ஊன்றினேன். தினமும் தண்ணீர் தெளித்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. விறகுச் சுமையோடு போன பக்கத்துக் காட்டு அம்மா நின்று பார்த்தார்.

"என்னங்க ஊனியிருக்கீங்க?"

"பலாக்கொட்டைங்க."

"காய வெச்சீங்களா?"

"வெதைன்னா காயாமயா?"

"பலாக்கொட்டை காஞ்சா செத்துரும் சாமி. தின்ன கையோட ஈரமா நட்டுரோணும்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஒரு பையைக் கிளறிப் பார்த்தேன். கொட்டை சுருங்கி உள்ளே கறுத்திருந்தது. மற்றதையும் கிளறினேன். எல்லாம் அப்படித்தான். கோபம்கூட வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு களை எடுக்கப் போனேன்.

மறுநாள் அந்த அம்மா தன் வீட்டுப் பழத்தின் கொட்டைகளைப் பிசுக்கோடு கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிய கையோடு ஒன்றை வீட்டுக்குப் பின்னால் ஊன்றினேன். அது முளைத்துவிட்டது. எந்தக் கொட்டையாக இருந்தால் என்ன, மரம்தானே கேட்டாள் என்று புத்தி சொன்னது. மனசுக்கு அது வேறு யார் வீட்டுச் செடியோதான். ஆனாலும் தண்ணீர் ஊற்றினேன். ஆடு கடிக்காமல் முள் வெட்டி வைத்தேன்.

கீழே போய் என்ன செய்வது என்று தெரியாததால் குத்தகையை நீட்டிக்கொண்டே இருந்தேன். மரவள்ளி விற்றேன், தின்றேன், தூங்கினேன். வருஷங்கள் போயின. கேட்டவர்களிடம் நன்றாக இருக்கிறேன் என்றேன். அது பொய்யுமில்லை, மெய்யுமில்லை.

செடி மரமாகி, பிறகு ஒரு வருஷம் அதன் அடிமரத்தில் ஒரே ஒரு காய் பிடித்தது. பழுத்து வாசம் வந்ததும் இறக்கினேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு இரண்டாகப் பிளந்தேன். நல்ல பழம். இரண்டு சுளை தின்றேன், இன்னும் இரண்டு தின்றேன், வயிறு நிறைந்துவிட்டது. பழம் குறைந்த மாதிரியே தெரியவில்லை. ஒரு ஆள் தின்று தீர்க்கிற பழமா அது? பாதியை எதிரே தள்ளி வைத்தேன். தள்ளிய பிறகுதான் எதிரே யாரும் இல்லை என்று கண்டேன்.

அவள் செத்துவிட்டாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியாமல், அந்தப் பழத்தின் முன்னால் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.