எலுமிச்சம்பழம் ஓட்டின லொறி

மச்சான் அந்த ஜப்பான் லொறிய வாங்கினது என்னை நம்பித்தான். மச்சான் எண்டா என்ட மனிசிர தமையன். "பழைய லொறிய ஓட்டி உன்ட முழங்கால் போயிற்று. இதில கிளச்சும் இல்ல, கியர் மாத்திற வேலையும் இல்ல. ராசா மாதிரி இருந்து ஓட்டு" எண்டு சாவியத் தந்தார். உன்னிச்சை, பழுகாமம் பக்கம் வெட்டின நெல்ல ஏத்தி, வாவிக்கு இங்கால இருக்கிற மில்லுக்குக் கொண்டுவாறதுதான் வேலை. எனக்கு வேற தொழில் தெரியாது. அந்த சீற்றில நான் இருந்தாத்தான் என்ட வீட்டில உலை கொதிக்கும்.

வாவிக்கு அங்கால, படுவான்கரை ரோட்டில மாடுகளுக்குத்தான் முதல் உரிமை. ஒருநாள் ஒரு எருமை பாஞ்சு குறுக்க வந்திற்று. இறுக்கிப் பிரேக் அடிச்சன். லொறி நிண்டது, எருமை தப்பிற்று. மறுகா அக்சிலேற்றர மிதிச்சா எஞ்சின் கத்துது, லொறி அசையிதில்ல! பின்னால பஸ்காரன் ஹோன் அடிச்சுத் திட்டுறான். திடீரெண்டு 'டக்' எண்டு இடிச்சு முன்னால பாஞ்சுது. மூட்டைக்கு மேல இருந்த ஆள் விழாமத் தப்பினது பெரிய புண்ணியம். அதுக்குப் புறகு எப்ப இறுக்கிப் பிரேக் அடிச்சாலும் இதே கூத்துத்தான். மெல்ல மிதிச்சு நிப்பாட்டினா ஒரு வருத்தமும் இல்ல.

மச்சானுக்குச் சொன்னன். "கிளச் மிதிச்ச கால் சும்மா இருக்குமா? நீ மிதிக்கிற மிதியில லொறி பயந்து போகுது" எண்டார். நிண்டவனெல்லாம் சிரிச்சான். கராஜுக்குக் கொண்டு போனம். கராஜ்காரன் கொம்பியூட்டரப் பூட்டிப் பாத்தான், ஒண்டும் காட்டல்ல. எஞ்சின நிப்பாட்டி கியர்பெட்டி ஒயில் அளவு பாக்கிற கம்பிய இழுத்துப் பாத்தான், நிறைய இருந்தது. "வண்டியில பிழை இல்ல, ஓட்டுறவரப் பாருங்க" எண்டான். என்ட முகத்துக்கு நேராச் சொன்னான்.

எனக்கு விசர் பிடிச்சமாதிரி. யோசிச்சு யோசிச்சுப் பாத்தன். தோணியில ஒள்ளுப்பம், கொஞ்சமாத் தண்ணி கிடந்தா, முன்பக்கம் தாழக்குள்ள தண்ணி எல்லாம் முன்னுக்கு ஓடிரும். பின்னால இருந்து இறைக்கிறவன்ட பேணி பலகையத்தான் சுரண்டும். கியர்பெட்டியும் அப்படித்தானே? இறுக்கி நிப்பாட்டினா ஒயில் முன்னுக்கு ஓடும், உறிஞ்சிற பம்ப் காத்தை உறிஞ்சும், ஒயில் இல்லாம லொறி இழுக்காது. அப்ப ஒயில் குறைவு. ஆனா கம்பி நிறைய இருக்கெண்டு சொல்லுதே?

அதுதான் நாங்க எல்லாரும் பிழை விட்ட இடம். கிளச் லொறியோட வளந்த எங்கட ஆக்கள் எந்த ஒயிலையும் எஞ்சின நிப்பாட்டித்தான் பாப்பாங்க. இந்த லொறிக்கு எஞ்சின் சூடாகி ஓடக்குள்ள பாக்கணும். நிப்பாட்டினா உள்ளுக்க சுத்தின ஒயில் எல்லாம் கீழ இறங்கி, நிறைஞ்ச மாதிரிக் காட்டும். சமதரையில ஓட விட்டுக் கம்பியத் துடைச்சு விட்டுப் பாத்தன். நுனியில மட்டும்தான் ஈரம். குனிஞ்சு பாத்தா, கியர்பெட்டியில இருந்து ரேடியேற்றருக்குப் போற குழாயில சிவப்பு ஒயில் கசிஞ்சு கிடக்கு.

ஓடிப்போய் மச்சானக் கூட்டிவந்தன். வந்த மனிசன் முதல்ல எஞ்சின நிப்பாட்டினார்! கம்பிய இழுத்தார். "நிறைஞ்சு கிடக்கு. முழங்காலோட உனக்குக் கண்ணும் போயிற்றா?"

"எஞ்சின் ஓடக்குள்ள பாருங்க மச்சான்."

"ஓடுற எஞ்சின்ல ஒயில் பாக்கிற விசரன் ஆர்? இது கண்ணூறு. வெள்ளிக்கிழமை மாமாங்கக் கோயிலுக்குக் கொண்டு போவம். அண்டைக்குச் சகலன் ஓட்டட்டும். உன்ட கை இந்த லொறிக்கு ராசியில்ல."

சகலன் எண்டா என்ட மனிசிர தங்கச்சிர புருசன்.

வெள்ளிக்கிழமை விடிய, அவங்க குளிச்சு வெளிக்கிட முதல் நான் குழாய இறுக்கி, ஒயில் வாங்கி ஊத்தி, ஓட விட்டு அளவும் பாத்தன். அமிர்தகழியில அந்த மாமாங்கக் கோயில் வாசல்ல தேங்காய் உடைச்சாங்க, சில்லுக்குக் கீழ எலுமிச்சம்பழம் வச்சு நசிச்சாங்க, முன்னால பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினாங்க. திரும்பி வரக்குள்ள நான் பின்னால, பொம்பிளையளோட. ஒரு மாடு குறுக்க வந்தது. சகலன் இறுக்கிப் பிரேக் அடிச்சான். நிண்டது, மறுகா வழுக்கிக்கொண்டு போற மாதிரிப் போனது. பொம்பிளையள் குரவை போட்டாங்க. என்ட மனிசி கையெடுத்துக் கும்பிட்டா.

"நான்தான் ஒயில் ஊத்தின" எண்டன்.

"சும்மா இருங்க, சாமிர விசயம்" எண்டா அவ.

மச்சானும் நம்பல்ல. அண்டையோட சாவி சகலன்ட கைக்குப் போயிற்று. நான் இப்ப அதே மில்லில மூட்டை தைக்கிறன். அந்த லொறி வந்து என்ட கண்ணுக்கு முன்னாலதான் நெல் இறக்கிற்றுப் போகும்.

போன மாசம் சகலன் போனில கோல் எடுத்தான். "அண்ணன், பிரேக் அடிச்சா திரும்பவும் நிண்டுபோகுது. என்ன செய்யிற?"

"எலுமிச்சம்பழத்த மாத்து" எண்டு வச்சிற்றன்.

மனம் கேக்கல்ல. மூட்டைக்கு மேல இருந்து போறவன் என்ன பாவம் செஞ்சான்? திருப்பி எடுத்து, எஞ்சின ஓட விட்டுக் கம்பியப் பாக்கச் சொன்னன். குழாயையும் பாக்கச் சொன்னன்.

கொஞ்ச நாளைக்குப் புறகு மில்லுக்கு முன்னால இருக்கிற கடையில மச்சான் என்னைக் கண்டார். சகலன் பக்கத்தில நிண்டு தேத்தண்ணிய ஊதி ஊதிக் குடிச்சான். மச்சான் அவன்ட முதுகில தட்டிற்று என்னப் பாத்துக் கேட்டார்: "எஞ்சின ஓட விட்டு ஒயில் பாத்து இவன்தானே வருத்தத்தக் கண்டுபிடிச்சவன்! இவ்வளவு காலம் லொறி ஓட்டின உனக்கு இந்த மூளை வரல்லியே மச்சான்?"